டிரிப் ஷீட்டில் இல்லாத கிலோமீட்டர்

முப்பத்தோரு வருடம் சங்ககிரியில் ஒரு லாரி ஆபீஸில் டிரிப் ஷீட் பார்த்தவன் நான். பார்ப்பது என்றால் சும்மா பார்ப்பதில்லை. வண்டி புறப்பட்டபோது மீட்டர் எவ்வளவு, திரும்பியபோது எவ்வளவு, என்ன லோடு, எத்தனை லிட்டர் டீசல், எங்கே பஞ்சர் என்று டிரைவர் எழுதிக் கொடுக்கிற தாளை வைத்துக்கொண்டு, ஒரு கிலோமீட்டர் ஓட முதலாளிக்கு என்ன செலவு ஆனது என்று சொல்ல வேண்டும். லோடு இல்லாமல் ஓடிய தூரத்துக்கு எங்கள் தொழிலில் காலி என்று பெயர். காலியைக் கண்டால் சிவப்புப் பேனாவால் அந்தக் கிலோமீட்டரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி வைப்பேன். டிரைவர் வந்து லோடு கட்டத்தில் பதில் எழுதும்வரை அந்த வட்டம் அப்படியே நிற்கும். என்னைவிடப் பெரிய மீசைக்காரர்கள் எல்லாம் அந்த வட்டத்துக்காக என் மேசை முன்னால் கைகட்டி நின்றிருக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய்.

ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. பெண் அழைப்புக்கு ஜோடித்து நிறுத்திய காரைப் பார்த்தால் எல்லோரும் பூவைப் பார்ப்பார்கள், நான் டயரைப் பார்ப்பேன். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு வண்டி, பதின்மூன்று வருடப் பழைய பெட்ரோல் ஸ்கூட்டர். அதை ஓட்டுவது என் மனைவி. அதற்கும் ஒரு டிரிப் ஷீட் வைத்தேன். சிரிக்க வேண்டாம், உண்மையாகவே வைத்தேன். சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. தேதி, புறப்பட்ட கி.மீ., வந்த கி.மீ., லோடு என்று நாலு கட்டம், நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது. என் மனைவியும் லாரி வீட்டுப் பெண்தான். அவள் அப்பா கடைசிவரை லாரி ஓட்டியவர்.

"எங்கப்பாரு காலம் பூரா எழுதிக் கிழிச்சது பத்தாதுன்னு நானும் எழுதோணுமாக்கும்" என்று முறைத்தாள். ஆனாலும் எழுதினாள்.

நாங்கள் இருப்பது இளம்பிள்ளையில். சேலைக் கடைகளில் இருந்து கட்டுக் கட்டாகச் சேலை எடுத்துப் போய், சுற்றுவட்டாரத்தில் வீட்டில் இருக்கும் பெண்களிடம் முந்தானைக்குக் குஞ்சம் கட்டக் கொடுத்து, முடிந்ததை வாங்கி வந்து கடையில் சேர்ப்பது அவள் வேலை. தினமும் காலையில் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டம். லோடு கட்டத்தில் "சேலை 20", "சேலை 35" என்று அழகாக எழுதியிருப்பாள். கோளாறே இல்லாத ஷீட். இவளைப் போல நாலு டிரைவர் இருந்திருந்தால் எங்கள் முதலாளி இன்னும் பத்து வண்டி வாங்கியிருப்பார்.

போன வருடம் மாசியில் அவளுடைய அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது. அக்கா வீடு ஆட்டையாம்பட்டிக்குச் சற்று முன்னால், மெயின் ரோட்டில் இருந்து மண்பாதையில் நடந்து போகிற தூரத்தில், காட்டுக்கு நடுவே தனியாக இருக்கிறது. எங்கள் வீட்டில் இருந்து பதினான்கு கிலோமீட்டர். அக்காவின் கணவர், என் சகலை, போர்வெல் ரிக் வண்டியோடு வடக்கே போனால் எட்டு மாதம் கழித்துத்தான் ஊர் திரும்புவார். மகள் பெங்களூரில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். ஆஸ்பத்திரியில் இருந்தவரை இரண்டு பேரும் கூட இருந்துவிட்டு, மனசே இல்லாமல் திரும்பிப் போனார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி காலையில் வந்து சமைத்து வைத்து, கூடமாட உதவிவிட்டுப் போவாள்.

கால் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. கோல் ஊன்றி வீட்டுக்குள் நடந்தார். வலது கைதான் வரவில்லை. விரல்கள் உள்ளங்கைக்குள் இறுக மூடிக்கொண்டுவிட்டன. வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்து, ஒவ்வொரு விரலாகப் பிரித்து, நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மறுபடி விட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தார்கள். தானாகச் செய்துகொள்ள முடியாது, இன்னொருவர் கை வேண்டும். ஒரு நாள்கூட விடக் கூடாது, முதல் ஒரு வருடத்தில் வருவதுதான் வரவு என்றும் சொன்னார்கள்.

அக்கா அதற்குள் இடது கையில் கரண்டி வைத்துச் சாப்பிடப் பழகியிருந்தார். ஆனால் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் சாப்பிட மாட்டார். தட்டை நகர்த்தி வைத்துவிடுவார்.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் அம்மிணி" என்று என் மனைவியிடம் சொன்னார். "சோத்துக்கையில ஒரு வாய் சோறு திங்கோணும். அவ்வளவுதான்."

"திம்பக்கா. நான் தினமும் வாரேன்" என்றாள் இவள்.

சொன்னபடி முதல் வாரம் தினமும் மதியம் ஸ்கூட்டரில் போனாள். ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம் போல ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். திங்கள் முதல் சனி வரை, மதியத்தில் தினமும் இருபத்தெட்டு கிலோமீட்டர். ஆறு நாளைக்கு நூற்று அறுபத்தெட்டு. ஆறு நாளும் லோடு கட்டம் காலியாக இருந்தது. என் கை தானாகச் சிவப்புப் பேனாவை எடுத்தது. கூட்டுத் தொகையைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் "காலி" என்று எழுதி ஒரு கேள்விக்குறி. எங்கே போனாள் என்று எனக்குத் தெரியும். அவளைக் கேட்க வேண்டும் என்று நினைத்துப் போட்டதும் இல்லை. கை பழக்கம், அவ்வளவுதான். கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் வந்து பார்த்தாள், நோட்டை மூடிப் பெட்டியில் வைத்தாள். நான் அதை அப்போதே மறந்துவிட்டேன்.

அடுத்த வாரத்தில் இருந்து ஷீட்டில் அக்கா வீட்டு ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் இருந்தது. மற்ற நாட்களில் பக்கத்துத் தோட்டத்துப் பெண் பார்த்துக்கொள்கிறாள் போல என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்டிருக்கலாம். மதியம் ஒரு மணிக்கு நான் தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டுகிற ஒரு ரீட்ரேடிங் பட்டறைக்குப் பில் எழுதப் போய்விடுவேன், வீடு திரும்ப ஏழு மணி ஆகும். திரும்பி வரும்போது அவள் அடுப்படியில் இருப்பாள், வண்டி வாசலில் நிற்கும். எல்லாம் சரியாக இருப்பதாகப் பட்டது.

வைகாசி கடைசியில் ஸ்கூட்டர் மக்கர் செய்ய ஆரம்பித்தது. புகை. நடுரோட்டில் நின்றுபோவது. லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர்கூடத் தரவில்லை. புது வண்டி எடுத்தே ஆக வேண்டும் என்று ஆனபோது அவள்தான் பேச்சை எடுத்தாள்.

"ஏனுங்க, கரண்ட் வண்டி எடுத்தா என்னங்க?"

எனக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பெட்ரோல் செலவே இல்லை என்று ஒருவன் குதிப்பான், பேட்டரி போனால் வீட்டை விற்க வேண்டும் என்று இன்னொருவன் பயமுறுத்துவான். இரண்டு பேருமே பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்திருக்க மாட்டார்கள். இது என் களம். மூன்று சாயங்காலம் உட்கார்ந்தேன்.

வண்டியை வாங்குகிற விலையைப் பார்த்து முடிவெடுப்பவன் ஏமாறுவான். விற்கிற நாள்வரை பார்க்க வேண்டும். அதனால் எட்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டேன். நான் விசாரித்த இரண்டு வண்டிகளில் கரண்ட் வண்டி முப்பதாயிரம் கூடுதல். ஓட்டச் செலவில் அது கொடிகட்டிப் பறந்தது. பெட்ரோலுக்குக் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல் ஆகிற இடத்தில் இது கால் ரூபாய், முப்பது பைசா. ஆயில் மாற்ற வேண்டாம், பிளக் வேண்டாம், பெல்ட் வேண்டாம். ஆனால் டயர் சீக்கிரம் தேயும் என்று எங்கள் பட்டறையிலேயே சொன்னார்கள். வீட்டுக் கரண்ட் பில் ஒரு படி ஏறினால், மிக்சிக்கும் மின்விசிறிக்கும் சேர்த்து அதிக ரேட் விழும், அதையும் போட்டேன். எட்டாவது வருடம் பேட்டரி மாற்ற அறுபதாயிரம் என்று ஒதுக்கினேன். பழைய பெட்ரோல் வண்டியை எப்போதும் எவனாவது வாங்குவான், பழைய கரண்ட் வண்டியை எவன் வாங்குவான் என்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கும் ஒரு தொகை கழித்தேன். கடைசியாக, எல்லாவற்றையும் முடிவு செய்கிற எண்: மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டம்? அதற்குத்தான் என்னிடம் ஷீட் இருக்கிறதே. சேலை ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை அக்கா வீடு, எல்லாம் சேர்த்து ஐநூறுக்குப் பக்கம்.

ஐநூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் எட்டு வருடம் மிச்சம் பிடிப்பதை எல்லாம் கூடுதல் விலையும் பேட்டரியும் விழுங்கிவிட்டன. முன்னால் போடும் முப்பதாயிரத்துக்கு வட்டியையும் சேர்த்தால், பெட்ரோல் வண்டி ஒரு நூல் இழையில் ஜெயித்தது. தீர்ப்பு வாசிப்பது போல அவளிடம் வாசித்தேன்.

அவள் குஞ்ச நூலைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். "மாசம் ஐநூறுன்னு எப்படிங்க போட்டீங்க?"

"நீ எழுதுன ஷீட்டுதான். நானா எதையும் போடலை."

கை ஒரு நிமிடம் நின்றது. "சரிங்க" என்றாள்.

அந்தச் சரிங்கவைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஆடித் தள்ளுபடியில் முன்பணம் கட்டிவிட்டு, ஆவணி முதல் முகூர்த்தத்தில் வண்டியை எடுப்பது என்று ஏற்பாடு. ஆடியில் என் மனைவி ஒரு விளக்குமாறுகூடப் புதிதாக வீட்டுக்குள் கொண்டுவர மாட்டாள். அதனால் அந்த ஏற்பாட்டில் அவளும் குறை சொல்லவில்லை.

ஆடி முதல் வாரம் ஒரு வியாழக்கிழமை. மதியம் பட்டறைக்குப் போனால் கரண்ட் இல்லை. மாதாந்திரப் பராமரிப்பு என்று பேப்பரில் போட்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. சாயங்காலம்வரை வராது, வீட்டுக்குப் போங்கள் என்றார் பட்டறைக்காரர். வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது, ஸ்கூட்டர் நின்றது. பக்கத்துத் தெருவில் குஞ்சம் கட்டுகிறவர்கள் வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். கையில் நேரம் இருந்தது. ஆட்டையாம்பட்டி ஷோரூமுக்குப் போய், பழைய வண்டிக்கு என்ன விலை தருவார்கள் என்று கேட்டு, முன்பணத்தையும் கட்டிவிட்டு வந்துவிடலாம் என்று என்னிடம் இருந்த சாவியைப் போட்டு வண்டியை எடுத்தேன்.

ஆடிக் காற்று ஆளைத் தள்ளியது. அக்கா வீட்டுக்குத் திரும்புகிற மண்பாதைக்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டோரமாக ஒரு பெண் குடையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நடந்து போனாள். குடை மேல் பக்கமாக மடங்கிவிட்டது. ஒரு கையில் பை. சேலையை முதலில் அடையாளம் தெரிந்தது, அப்புறம்தான் ஆளை. மணி அப்போது இரண்டு நாற்பது.

வண்டியை ஓரம் கட்டினேன். "ஏம்புள்ள, இங்க என்ன பண்ற?"

திடுக்கிட்டுப் பார்த்தாள். "அக்கா ஊட்டுக்குப் போறனுங்க."

"வண்டி ஊட்டுலதான நின்னுச்சு. எதுல வந்த?"

"பஸ்ஸுலதானுங்க. பொம்பளைங்களுக்குத்தான் டிக்கெட் கெடையாதே."

"இன்னைக்கு மட்டுமா?"

"தினமுந்தானுங்க." குடையை மடக்கிப் பைக்குள் செருகினாள். "ஒரு மணிக்கு நீங்க போனதும் கெளம்புவேன். ஒரு பஸ் மாறோணும். ஆறு மணிக்கு ஊட்டுக்கு வந்துருவேன்."

"வண்டியை வெச்சுக்கிட்டு எதுக்குப் புள்ள பஸ்ஸு?"

"நீங்கதான் வட்டம் போட்டீங்களே."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு அது வரும். அவள் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில் சொன்னாள். ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது, அதைக்கூட நிமிர்ந்து பார்க்கத் தோன்றவில்லை.

புதிதாக வேலைக்கு வருகிற கணக்குப் பிள்ளைகளுக்கு நான் முதல் நாள் சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு. டிரைவர் எழுதுகிற ஷீட்டை அப்படியே நம்பாதே, முதலாளி முகம் சுளிக்கிறதை எவனும் எழுத மாட்டான், எழுதாமல் விட்டது என்ன என்று பார். வெளி ஆள் ஷீட்டில் எல்லாம் அதைத் தேடித் தேடிப் பிடித்தவன், என் வீட்டு ஷீட்டை மட்டும் வேதவாக்காக எடுத்து எட்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன். முப்பத்தோரு வருட அனுபவசாலி! எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

"ஏறு" என்றேன். பின்னால் உட்கார்ந்தாள். மண்பாதையில் வண்டி இரண்டு முறை நின்றது. மூன்றாவது முறை தள்ளிக்கொண்டே போனோம்.

அக்கா என்னைப் பார்த்ததும் பதறிப்போனார். "வாங்க மாப்பிள்ளை! ஏனுங்க, ஊட்டுல எல்லாம் நல்லாருக்கறாங்களா?" கெட்ட செய்தி கொண்டுவந்திருக்கிறேன் என்று பயந்துவிட்டார். வேலை நாளில், வேலை நேரத்தில் நான் அந்த வீட்டுக்கு வந்ததே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

என் மனைவி முகம்கூடக் கழுவவில்லை. அடுப்பில் வெந்நீர் வைத்து, துணியை நனைத்துப் பிழிந்து, அக்காவின் மூடிய கையைச் சுற்றிக் கட்டினாள். ஆறினால் மறுபடி நனைப்பாள். அரை மணி நேரம் அதுதான். அப்புறம் எண்ணெய் போட்டு, மணிக்கட்டில் இருந்து மெதுவாக உருவி, சுண்டு விரலில் ஆரம்பித்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." பத்துவரை எண்ணுவாள். விட்டதும் விரல் சுருட்டிக்கொள்ளும். மறுபடி ஒன்றில் இருந்து. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி இருந்தார். நாலு மணிக்கு மேல்தான் விரல்கள் கொஞ்சம் இளகின. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

"இதுதான் மாப்பிள்ளை தெனமும் நடக்கறது" என்றார் அக்கா சிரித்துக்கொண்டே. "வெரலு பதத்துக்கு வர்றதும், இவ நாலரை பஸ்ஸுக்கு ஓடறதும் ஒண்ணா இருக்குது. பஸ்ஸுக்காரன் சித்தெ தாமசமா வந்தா என்னன்னு நான் வேண்டாத சாமியில்லை."

அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னைக்குப் பஸ் இல்லீங்க" என்றேன். "நான் இருக்கறேன். நீங்க பாருங்க."

வெளியே வந்து வேப்ப மரத்தடிக் கட்டிலில் உட்கார்ந்தேன். சட்டைப் பையில் என் எட்டு வருடக் கணக்கு மடித்து இருந்தது. எடுத்து ஐநூறை அடித்துவிட்டு, தினமும் இருபத்தெட்டைச் சேர்த்துப் போட்டேன். மாதம் ஆயிரத்து இருநூறுக்கு மேல் வந்தது. அதற்கப்புறம் பெருக்கிப் பார்க்கவே வேண்டியதில்லை. அந்த ஓட்டத்துக்குப் பெட்ரோல் வண்டி பக்கத்தில்கூட நிற்க முடியாது, இரண்டு பேட்டரி மாற்றினாலும் நிற்க முடியாது. ஆனால் விடை மாறியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நாலு மாதமாக ஒருத்தி தினமும் மூன்று மணி நேரம் ரோட்டில் கழித்திருக்கிறாள். நாலு மாதமாக ஒரு கைக்குத் தினமும் கிடைக்க வேண்டிய நேரம் கிடைக்கவில்லை. பெட்ரோலை மிச்சம் பிடித்தவன் நான், விலை கொடுத்தவர்கள் உள்ளே இருக்கிறார்கள். வெட்கமாக இருந்தது. தாளை நாலாகக் கிழித்துப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

ஆறு மணிக்கு உள்ளே இருந்து, "ஏனுங்க, இங்க வாங்க!" என்று சத்தம். ஓடினேன். அக்காவின் கை மேசைமேல் இருந்தது. ஆள்காட்டி விரல் மட்டும், யாரும் பிடிக்காமல், நீண்டு கிடந்தது. பத்து எண்ணும்வரை இல்லை, நாலு எண்ணும்வரை. ஆனால் தானாக.

வீட்டுக்குத் திரும்பும்போது சொன்னேன். "கரண்ட் வண்டியே எடுத்துக்கலாம் புள்ள. ஆவணி பொறந்ததும் எடுத்துருவோம்."

மெயின் ரோடு வந்தது. பிறகு என் தோளுக்குப் பின்னால் இருந்து கேட்டாள். "நாளைக்கே எடுத்தா என்னங்க?"

"ஆடியில்ல?"

"வெரலுக்கு ஆடியும் ஆவணியும் தெரியுமாங்க?"

மறுநாளே சேலம் போனோம். ஷோரூமில் இருந்த பெண் என்னைப் பார்த்து, "தினமும் எவ்வளவு சார் ஓட்டுவீங்க?" என்றாள். பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "ஓட்டறது அவங்கதான், அவங்களையே கேளுங்க" என்றேன். என் மனைவி ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு, "நாப்பத்து மூணு கிலோமீட்டருங்க. ஒரு நாளுகூட விடாம" என்றாள். கோர்ட்டில் சாட்சி சொல்கிறவளைப் போல அவ்வளவு கறாராக அவள் பேசி நான் கேட்டதில்லை.

கரண்ட் வண்டி ஒன்றும் தேவலோகத்தில் இருந்து இறங்கி வந்ததில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான் பயந்தபடியே கரண்ட் பில் ஒரு படி ஏறியது. பின் டயர் தேய்கிற வேகத்தைப் பார்த்தால் எங்கள் பட்டறைக்காரருக்குச் சந்தோஷமாக இருக்கும். ஐப்பசியில் ஒரு நாள் டிஸ்பிளே கறுத்துப்போய் வண்டி நகர மறுத்தது. சேலத்தில் சர்வீஸுக்கு விட்டதில் ஒன்பது நாள் ஆனது. நல்ல வேளையாகப் பழைய ஸ்கூட்டரை நான் விற்கவில்லை. ஷோரூமில் அதற்குச் சொன்ன விலையைக் கேட்டு ரோஷம் வந்து திருப்பிக் கொண்டுவந்திருந்தேன். ஒன்பது நாளும் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, புகை விட்டுக்கொண்டு, நானே அவளை அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டுக் கூட்டி வந்தேன். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று உள்ளே எண்ணுவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

புது வண்டியில் நான் நோட்டு வைக்கவில்லை. அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியைத் துடைக்கிற சாக்கில் சீட்டைத் திறந்தால், சார்ஜருக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருந்தது. நாலு கட்டம். கோணல் மாணலாகக் கோடு. அவள் கையெழுத்து. தேதி, புறப்பட்ட கி.மீ., வந்த கி.மீ., எல்லாம் ஒழுங்கு. லோடு கட்டத்தைப் பார்த்தேன். "காலி." "காலி." "கட்டைவிரல்." "காலி." "டம்ளர் பிடிச்சா, தண்ணி இல்லாம." "காலி." "டம்ளர், அரைத் தண்ணி." "சீப்பு, ரெண்டு இழுப்பு."

நோட்டும் கையுமாக நான் நிற்பதை அவள் பார்த்துவிட்டாள். "அது உங்களுக்கில்லீங்க" என்றாள். "ஞாயித்துக்கெழமையானா மாமா ரிக்குல இருந்து போன் பண்ணுவாரு. எடுத்ததும், இந்த வாரம் என்ன லோடு அம்மிணின்னுதான் கேப்பாரு. பாத்துப் படிக்கறதுக்கு வெச்சிருக்கேன்."

"இத்தனை காலி இருக்குதே. வட்டம் போடட்டுமா?"

"போட்டுத்தான் பாருங்களேன்" என்று துடைக்கிற துணியை என்மேல் வீசினாள்.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். அவள் அக்கா வீட்டில் இருந்து திரும்ப எட்டு மணி ஆகிவிட்டது. வாசலில் வண்டியை நிறுத்தியவள், வீட்டுக்குள் வராமல் சீட்டைத் திறந்து நின்றபடியே எழுதினாள். எழுதி முடித்து, திறந்த நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்தேன். லோடு கட்டம் போதாமல் பக்கத்து ஓரத்திலும் எழுதியிருந்தாள். "தயிர் சோறு. நாலு வாய். சோத்துக்கை. நான் பாக்கும்போதே தின்னா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போகாமல் பழைய ஸ்கூட்டரின்மேல் சாய்ந்து நின்றேன். பிறகு அதன் சீட்டைத் திறந்தேன். என் பழைய நோட்டு, நான் ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகளோடு, அப்படியே கிடந்தது. பங்குனி மாதப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். நூற்று அறுபத்தெட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம், பக்கத்தில் காலி, கேள்விக்குறி. திங்கள் முதல் சனி வரை ஆறு வெற்றுக் கட்டங்கள். வண்டியின் சீட்டையே மேசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் "கை" என்று எழுதினேன். முப்பத்தோரு வருடத்தில் நான் போட்ட வட்டம் ஒன்றுக்கு நானே பதில் எழுதியது அதுதான் முதல் தடவை.